தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் நடுவே 300 மீட்டர்: எங்கிருந்து, எதுவரை?

எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகளை வகுக்கும் கூட்டங்களில் சண்டையெல்லாம் எண்ணைப் பற்றித்தான் நடக்கும். ஆலைக்கும் பள்ளி, வீடுகளுக்கும் நடுவே 200 மீட்டர் இடைவெளி போதுமா, 500 வேண்டுமா? எண் முக்கியம்தான். என்றாலும் விதி நடைமுறையில் தோற்றுப்போவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: தூரத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது, அது யார் யாரைக் கட்டுப்படுத்தும் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

புகைபோக்கியிலிருந்து அளப்பது

கிழக்கு மேற்காக 600 மீட்டர் நீளமுள்ள ஒரு ஆலை வளாகம். புகைபோக்கி சரியாக நடுவில். 300 மீட்டர் இடைவெளியைப் புகைபோக்கியிலிருந்து அளந்தால், அந்த 300 மீட்டரும் ஆலையின் மதில் சுவரிலேயே தீர்ந்துபோகும். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளி கட்டினாலும் காகிதத்தில் விதி மீறப்படவில்லை. ஐந்து வருடம் கழித்து ஆலை தன் வாயுத் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தினால் அதையும் தடுக்க முடியாது.

அளவு மனை எல்லையிலிருந்து மனை எல்லைக்கு, நேர்கோட்டில் இருக்க வேண்டும். பள்ளி என்றால் வகுப்பறைச் சுவர் வரை அளந்தால் போதாது. விளையாட்டு மைதானத்தின் வேலியும் பள்ளிதான். சாலை வழித் தூரத்தைக் கணக்கில் எடுப்பது இன்னொரு பிழை. வாயு சாலை வழியாக வளைந்து வராது.

ஆலையை மட்டும் கட்டுப்படுத்துவது

"வீடுகளுக்கு அருகே புதிய ஆலை கூடாது" என்று எல்லா ஊரும் எழுதும். "ஆலைக்கு அருகே புதிய வீடு கூடாது" என்று எழுதப் பலரும் தயங்குவார்கள், ஏனென்றால் அது மனை விற்பவர்களைத் தொடும். பெரிய விபத்துகள் பலவற்றின் பின்னணி இந்தத் தயக்கம்தான். நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் பட்டாசுக் கிடங்கு தொடங்கியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. குடியிருப்பு மெல்ல அதைச் சூழ்ந்தது. 2000 மே 13 அன்று கிடங்கு வெடித்தபோது 23 பேர் இறந்தார்கள். ஒரு குடியிருப்பே அழிந்தது. பிரான்சின் துலூஸிலும் இதே கதை: உர ஆலை நகர விளிம்பில் எழுந்தது, நகரம் அதைத் தாண்டிப் போனது, 2001 செப்டம்பர் 21 அன்று அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 31 பேர் பலியானார்கள். அதன் பிறகு, 2003-இல்தான், அபாயகரமான ஆலைகளைச் சுற்றியுள்ள வீடுகளை அரசே வாங்கவும் கையகப்படுத்தவும் வழிசெய்யும் சட்டத்தை பிரான்ஸ் கொண்டுவந்தது. கட்டிய பிறகு அப்புறப்படுத்துவது கட்டவிடாமல் தடுப்பதைவிடப் பல மடங்கு செலவு.

ஆக, இடைவெளி விதி ஆலை, வீடு இரண்டையும் கட்டுப்படுத்த வேண்டும். மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் கட்டத்திலேயே அதைச் சரிபார்க்க வேண்டும். கட்டட அனுமதி வரை தள்ளிப்போட்டால் மனைகள் அதற்குள் விற்றுப்போயிருக்கும்.

இடத்தின் பெயரைப் பார்த்து வகைப்படுத்துவது

"குளிர்பதனக் கிடங்கு" என்றால் காய்கறி, மீன் என்று தோன்றும். உள்ளே குளிரூட்டப் பல டன் அம்மோனியா ஓடிக்கொண்டிருக்கலாம். "நீர் சுத்திகரிப்பு நிலையம்" என்றால் கேட்கவே சுகமாக இருக்கிறது. குளோரின் உருளைகள் அங்கேதான் அடுக்கியிருக்கும். என்ன தயாரிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எதை, எத்தனை டன், எந்த அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரிய இரசாயன விபத்துகளைத் தடுப்பதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் செவேசோ விதிமுறை இப்படித்தான் பிரிக்கிறது: குளோரின் 10 டன்னைத் தொட்டால் கீழ்நிலை அபாய ஆலை, 25 டன்னைத் தொட்டால் மேல்நிலை. நீரற்ற அம்மோனியாவுக்கு அந்த வரம்புகள் 50, 200 டன்.

வரம்பு வைத்ததும் அதற்குக் கீழே பதுங்குவார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மனைகளில் தலா 9 டன் குளோரின் இருந்தால் காற்றுக்கு அது 18 டன்தான். ஒட்டியிருக்கும் இருப்புகளைக் கூட்டிக் கணக்கிட விதியில் ஒரு வரி சேருங்கள். சேர்ப்பது சுலபம், பின்னால் வாதாடுவது கடினம்.

ஆண்டுச் சராசரிக் காற்றை நம்புவது

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது, அதனால் பள்ளியை ஆலைக்கு மேற்கே வைத்தால் பிரச்சினையில்லை என்பார்கள். வழக்கமான புகைக்கு இந்தக் கணக்கு ஓரளவு உதவும். விபத்துக்கு உதவாது. தெளிவான இரவுகளில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றுவிடும். அப்போது கசியும் வாயு மேலெழாமல், கலையாமல், தரையோடு தரையாக நகரும். காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமான குளோரின் பள்ளம் தேடிப் போகும். அம்மோனியா காற்றைவிட லேசு என்று பாடநூலில் படித்திருப்போம். ஆனால் அழுத்தத்தில் திரவமாக வைத்த அம்மோனியா பீறிட்டால் குளிர்ந்த மூட்டமாகித் தரையிலேயே படரும். 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் காற்றைவிடக் கனமானதே.

எனவே வரைபடத்தில் மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்: இரவுக் காற்றின் திசை, நிலத்தின் சரிவு, பள்ளமான ஓடைவழிகள். வட்டமாக வரைந்த இடைவெளி சரிவு இறங்கும் பக்கம் நீள வேண்டியிருக்கும்.

"பள்ளி, மருத்துவமனை" என்று இரண்டு சொல்லோடு நிறுத்துவது

குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம், வழிபாட்டுத் தலம், திருமண மண்டபம், விளையாட்டரங்கம், விடுதி ஆகியவை பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும். பிரித்தானியாவில் அபாய ஆலையைச் சுற்றி உள், நடு, வெளி என மூன்று வளையம் வரைந்து, கட்டடங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: வேலையிடம், வீடு, எளிதில் பாதிக்கப்படுவோர் இருக்கும் இடம், அப்படிப்பட்டவற்றில் மிகப் பெரியவையும் திறந்தவெளிப் பெருங்கூட்டமும். கூட்டத்தின் அளவோடு, அவர்களால் தாமே எழுந்து விரைவாக வெளியேற முடியுமா என்பதும் கணக்கில் வருகிறது. பின்பற்றத் தகுந்த முறை.

இடைவெளிப் பட்டையில் பூங்கா

ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் நிலம் யார் கண்ணையும் உறுத்தும். மலிவாகவும் கிடைக்கும். முதலில் மரம், அப்புறம் நடைபாதை, அப்புறம் ஊஞ்சல், கடைசியில் ஒரு பள்ளி. பட்டையில் எது வரலாம் என்பதைவிட எது வரவே கூடாது என்று எழுதுவதே பாதுகாப்பு. வாகன நிறுத்தம், மழைநீர்க் குளம், சூரியத் தகடுகள் இருக்கலாம். ஆட்களைக் கூட்டும் எதுவும் வேண்டாம்.

மரங்களின் மீதும் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. 30 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக நட்டால் சுமார் 5 டெசிபெல் சத்தம் குறையலாம். ஒரே வரிசை மரம் கண்ணுக்கு மறைப்பு, காதுக்கு ஒன்றுமில்லை. ஓரிடத்தில் நிற்கும் எந்திரத்தின் ஓசை, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஓயாமல் வாகனம் ஓடும் சாலையின் ஓசை 3 டெசிபெல்தான் குறையும். ஆலையைத் தள்ளி வைத்துவிட்டு அதன் லாரிப் பாதையைப் பள்ளி வாசல் வழியாக விடுவது இதனால்தான் அபத்தம். பாதை, நுழைவாயில், ஏற்றி இறக்கும் நேரம் ஆகியவற்றை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

அறிவிப்பும் எல்லையும்

இடைவெளி 300 மீட்டர், ஆனால் விதிவிலக்கு கேட்கும் மனு பற்றிய அறிவிப்பு 100 மீட்டருக்குள் இருப்போருக்கு மட்டும் போகிறது என்றால், பாதிக்கப்படுவோரில் பெரும்பகுதிக்குச் செய்தியே எட்டாது. அறிவிப்பின் வட்டம் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கட்டும். வாடகைக்கு இருப்போருக்கும் போகட்டும். நகர எல்லையில் வரைபடம் நின்றுவிடுவதும் பழைய கோளாறு: கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆலை இந்தப் பக்கத்து அதிகாரியின் கோப்பில் இருக்காது. பக்கத்து நிர்வாகத்துக்கும் அறிவிப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும்.

விதி வருமுன்பே இருந்த ஆலைகளுக்கு விலக்கு தருவது வழக்கம். அதில் மூன்று நிபந்தனை விட்டுப்போகக் கூடாது: இருப்பையோ பரப்பையோ கூட்டினால் விலக்கு போகும், தீயில் அழிந்தால் புது விதிப்படியே திரும்பக் கட்டலாம், தொடர்ந்து 12 மாதம் போல ஒரு குறித்த காலம் மூடிக் கிடந்தால் உரிமை காலாவதியாகும். மூன்றாவது நிபந்தனைக்கு மின்கட்டண ரசீதையோ உற்பத்திப் பதிவையோ ஆதாரமாகக் கேட்கலாம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காவலாளி ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் காட்டியே ஆலை இயங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள்.