கிரிப்பர் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

கைப்பிடி பலத்துக்காக உள்ளங்கையில் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கருவிதான் கிரிப்பர். அதை எந்தப் பக்கம் பிடிப்பது, எத்தனை செட் போடுவது என்பதெல்லாம் வீடியோவிலேயே கிடைக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். சேலத்தில் ஏற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு ஜிம்மில் பயிற்சி சொல்லித்தருகிறேன். புதிதாக வருகிற பையன்கள் அதே நாலைந்து தவறுகளையே செய்கிறார்கள். அதில் பாதி என் பழைய தவறுகள்தான் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

சும்மா இருக்கும்போதெல்லாம் அழுத்துவது

கிரிப்பர் சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது, அதுதான் வினை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுத்துகிறார்கள், ரீல்ஸ் பார்த்துக்கொண்டே அழுத்துகிறார்கள். நெஞ்சுக்கும் காலுக்கும் ஓய்வு நாள் ஒதுக்குகிறவர்கள்கூட கைக்கு ஓய்வு வேண்டும் என்று நினைப்பதில்லை.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றும், மணிக்கட்டை மடக்கும் தசைகளும் முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு அழுத்தலுக்கும் இழுபடுவது அந்த இடத்துத் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், ஓரிரு நாளில் தேறிவிடும். தசைநாணுக்கு அது குறைவு, அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறுவதை நம்பாதீர்கள். தசைதான் ஏறியிருக்கிறது, தசைநாண் இன்னும் பழைய நிலையில்தான் இருக்கிறது.

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்தான். நாள் முழுக்கக் கையில் குறடு, இடுக்கி. அதற்கு மேல் தினமும் கிரிப்பர். சொல்லிப் பார்த்தேன். "வேலை செய்யற கைதானேண்ணா, தாங்கும்" என்றான். வேலை செய்கிற கை என்பதால்தானப்பா தாங்காது! கேட்கவில்லை. முதலில் டீ டம்ளரைத் தூக்கும்போது உள்முழங்கையில் சுருக்கென்றது. அப்புறம் பைக் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது. கடைசியில் ஈரத்துண்டைப் பிழிய முடியவில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம் அது. பட்டறையில் மற்றவர்கள் ராத்திரி வேலையும் பார்த்துச் சம்பாதிக்க, செய்த வேலைக்கு மட்டும் கூலி வாங்கும் இவன் பாதிக் கூலியோடு வீட்டுக்குப் போனான்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. வலி வந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. "கொஞ்ச நேரம் அழுத்தினா சூடாகி வலி போயிடுதுண்ணா" என்றான். தசைநாண் வலியின் குணமே அப்படித்தான்: வேலை கொடுத்தால் அடங்கும், மறுநாள் காலையில் இரட்டிப்பாக வரும். அடங்கியதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் இழுத்தடித்தான். கோல்ஃபர்ஸ் எல்போ, அதாவது உள்முழங்கைத் தசைநாண் பாதிப்பு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கிரிப்பரைக் கீழே வைத்தான்.

சாதாரணமாக வாரத்துக்கு இரண்டு நாள் கைப்பிடிப் பயிற்சி போதும். தறியிலோ பட்டறையிலோ மேலே ஏற்காடு எஸ்டேட்டிலோ கையால் உழைப்பவர்களுக்கு ஒரு நாளே ஏராளம். புல்-அப்ஸ், டெட்லிஃப்ட், கர்லாக்கட்டை எல்லாமே கைப்பிடி வேலைதான், அவற்றையும் கணக்கில் சேருங்கள். வலி ஆரம்பித்துவிட்டால் கிரிப்பர் வேண்டாம், ஆனால் கையை அசைக்காமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதும் சரிவராது. சின்ன டம்பெல்லை உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அங்கே நரம்பும் அழுந்துகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது ஜிம் அண்ணனிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

அடுத்த நம்பருக்குத் தாவுவது

கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் என்ற பிராண்டு கிரிப்பரில் 1, 2, 3 என்று போட்டிருப்பதைப் பார்த்து, எல்லாம் ஒரே அளவுப் படி என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பெனி சொல்லும் கணக்கு 140, 195, 280 பவுண்டு. அதாவது முதல் தாவல் சுமார் 25 கிலோ, அடுத்தது 38 கிலோவுக்கு மேல். இடையில் ஒன்றரை, இரண்டரை என்று நம்பர்கள் இருப்பது இதற்காகத்தான். கடைவீதியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரிப்பரில் எழுதியிருக்கும் 60 கிலோவை இதோடு ஒப்பிடவே வேண்டாம்.

கட்டைவிரலை மறப்பது

கிரிப்பரில் கட்டைவிரலுக்கு அநேகமாக வேலையே இல்லை. தாமஸ் இன்ச் என்ற ஆங்கிலேயப் பயில்வானின் டம்பெல் 172 பவுண்டு, சுமார் 78 கிலோதான். அதைவிடப் பல மடங்கு டெட்லிஃப்ட் செய்கிறவர்கள்கூட ஒற்றைக் கையில் அதைத் தூக்க முடியாமல் திணறியிருக்கிறார்கள். கைப்பிடி அறுபது மில்லிமீட்டர் தடிமன், விரல்கள் சுற்றி வளைத்துச் சேராது, கட்டைவிரலில் பலம் இல்லாவிட்டால் உருண்டுவிடும். கட்டைவிரலுக்கு வேலை கொடுக்க, இரண்டு எடைப் பிளேட்டுகளை வழவழப்பான பக்கம் வெளியே வருமாறு சேர்த்து, விரல்நுனியால் பிடித்து நில்லுங்கள். பிளேட் இல்லையா, செங்கல் போதும்.

விரலை விரிக்காமல் விடுவது

கிரிப்பரில் மடக்குவது மட்டும்தான் நடக்கிறது. அதற்கு ஈடாக விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி விரியுங்கள். அரிசி வாளிக்குள் கையை விட்டு விரித்து மடக்குவதும் நல்லதுதான். சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசியில் முயலலாம், வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.

முகப் பவுடர்

பிடி வழுக்காமலிருக்க இதைக் கையில் போடுகிறார்கள், இன்னும் வழுக்கும். கைக்குத் தேவை மக்னீசியம் கார்பனேட். நம் ஊர் மலையில் வெட்டியெடுக்கும் மாக்னசைட்டும் அடிப்படையில் அதேதான், ஆனால் ஜிம்முக்கென்று விற்கும் கட்டியையே வாங்குங்கள். வெள்ளையாக இருக்கிறதே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினால் தோல் வெந்துவிடும். கேட்டிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஸ்ட்ராப்

மணிக்கட்டைக் கம்பியோடு சுற்றிக் கட்டும் பட்டை. கனமான கடைசி செட்டுக்கு மட்டும்.

காய்ப்பு

உள்ளங்கைத் தோல் தடித்தால் குளித்த பிறகு தேய்த்துவிடுங்கள். கடிக்காதீர்கள்.

குளிர்ந்த கை

மார்கழிக் காலையில் ஏற்காட்டில் பயிற்சி செய்கிறவர்கள் முதலில் வெந்நீரில் கையை நனைத்து, லேசான கிரிப்பரில் ஒரு செட் போட்ட பிறகு கனத்துக்குப் போங்கள்.