ஆந்தை வாடகை கட்டுமா? சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு ஹாலில் வாரம் மூன்று மாலை ஆறு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள், ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை. பாதிப் பேர் பக்கத்துத் தாமான்காரர்கள் (தாமான் என்றால் குடியிருப்பு), மீதிப் பேரை அப்பாவோ தாத்தாவோ தோட்டத்திலிருந்து மோட்டாரில் கொண்டுவந்து விடுவார்கள். ஆங்கிலம் மட்டும்தான் எடுக்கிறேன். முதல் இரண்டு வருஷம் எல்லோரையும் போலத்தான் எடுத்தேன்: கடையில் வாங்கிய பயிற்சிப் புத்தகம், பக்கம் 14, கோடிட்ட இடத்தை நிரப்பு. பிள்ளைகளும் நிரப்பினார்கள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் மட்டும் மேசையைப் பார்த்தார்கள்.

ஒரு நாள் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "டீச்சர், எங்க தோட்டத்துல ஆந்தைக்குப் பெட்டி வீடு கட்டி வச்சிருக்காங்க, ஆந்தை வாடகை கட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பச் சொல்லத்தான் இருந்தேன். என்ன தோன்றியதோ, அதை ஆங்கிலத்தில் கேள் என்றேன். தெரியவில்லை. தேவைப்பட்ட சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். டஸ் தி அவுல் பே ரென்ட்? அந்த ஒரு வாக்கியத்தை அவன் அன்றைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பான், ஆங்கிலம் தெரியாத தாத்தாவிடமும் போய்க் கேட்டிருக்கிறான். அடுத்த வகுப்பில் பதிலைச் சேர்ந்து கண்டுபிடித்தோம். செம்பனைப் (எண்ணெய்ப் பனை) பழத்தை எலி தின்கிறது, எலியைக் கூகை என்ற ஆந்தை தின்கிறது, அதற்காகத்தான் தோட்டத்தில் பெட்டி வைக்கிறார்கள். ஆக, யெஸ், இட் பேஸ் வித் ராட்ஸ்.

அதிலிருந்து நான் எடுக்கும் முறை மாறிப்போனது. இதே மாதிரி எடுக்க நினைக்கிறவர்களுக்கு என் கையில் சரிப்பட்டதையும் சரிப்படாததையும் சொல்கிறேன்.

முதலில், பிள்ளையின் ஆர்வம் என்றால் "இவனுக்கு விலங்குகள் பிடிக்கும்" என்று நாம் ஒட்டிவைக்கும் பெயர் இல்லை. விலங்குகள் என்பது பாடப் புத்தகத்தின் அலகுத் தலைப்பு. ஆந்தை வாடகை கட்டுமா என்பதுதான் ஆர்வம். அது எப்போதுமே கேள்வியாகத்தான் வரும், அதுவும் நாம் பாடம் எடுக்கும்போது வராது. செருப்பைக் கழற்றும்போது, தண்ணீர் குடிக்கும்போது, இரண்டு பேர் சண்டை போடும்போது வரும். அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு "ஏன் புத்தகம்" என்று பெயர். கேள்வி எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே, தமிழும் மலாயும் கலந்து வந்தால் அப்படியே, எழுதுங்கள். உடனே ஆங்கிலமாக்காதீர்கள், பிள்ளை அடுத்த தடவை வாயை மூடிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு கேள்வியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

அப்புறம் அட்டை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்றைக்கு உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு அட்டையில் எழுதிக் கொடுப்பாராம்; பிறகு பார்க்கும்போது பிள்ளைக்கு அது அடையாளம் தெரியவில்லை என்றால் அந்த அட்டையைக் கழித்துவிடுவாராம். நான் அதைக் கொஞ்சம் கருமித்தனமாகச் செய்கிறேன், இரண்டு வாய்ப்புக் கொடுப்பேன். ஆனால் கழிப்பது முக்கியம். மறந்துபோன சொல்லை மறுபடி மறுபடி நீட்டினால் அட்டைக் கட்டே தண்டனையாகிவிடும். ஆந்தைப் பையனின் கட்டில் ரென்ட் இன்னும் இருக்கிறது, நான் சேர்த்துவிட்ட ஃபெதர் போய்விட்டது.

அட்டை சேர்ந்ததும் எழுத்துக்குப் போகலாம். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் மாஜோங் பேப்பரில், அதாவது பெரிய வெள்ளைத் தாளில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவன் தமிழில் சொன்னால் அதை அவன் வாய்க்கு எட்டும் ஆங்கிலத்தில் போடுங்கள், நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அழகுபடுத்தாதீர்கள். "தி அவுல் ஈட்ஸ் தி ராட்" என்று அவன் மனதில் இருப்பதை "தி மெஜஸ்டிக் அவுல்" என்று நீங்கள் மாற்றினால் அது உங்கள் கட்டுரை, அவனுக்குப் படிக்க வராது. எழுதியதை அவனே விரல் வைத்து வாசிக்க வேண்டும், பிறகு நோட்டில் பார்த்து எழுத வேண்டும். தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பாதியை ஊகித்து வாசித்துவிடும்.

இதற்காக எழுத்தொலிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஆர்வம் இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, எழுத்துக்கூட்டல் தானாக வராது. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிஷம் அதற்குத்தான்: கிட் என்பதோடு கடைசியில் ஓர் ஈ சேர்ந்தால் கைட், இந்த மாதிரி.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அவர்கள் இந்த எழுத்துகளை மலாயிலும் வாசிக்கிறவர்கள். மலாயில் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்தபடியே வாசித்துவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது. சி, ஏ, டி என்று எழுதிக் காட்டினேன், ஏழு வயதுப் பெண் ஒருத்தி "சாட்" என்று வாசித்து, "பெயின்ட் டீச்சர்" என்று அர்த்தமும் சொன்னாள். மலாயில் அது சரிதான்! தப்பு என்று சொல்லாமல், இந்தச் சொல் இரட்டை வேஷம் போடுகிறது என்றேன். அவ்வளவுதான், வேட்டை ஆரம்பித்துவிட்டது. ஏ, ஐ, ஆர் மலாயில் தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. ஜே, ஏ, எம் மலாயில் மணி, ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது. எம், ஏ, ஐ, என் மலாயில் விளையாடு, ஆங்கிலத்தில் முக்கியமானது. சுவரில் ஒட்டிய அந்தப் பட்டியல் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது, நான் ஒரு பாடமும் தயாரிக்கவில்லை. மூன்று மொழி படிக்கிற பிள்ளைக்குக் குழப்பம் வருமே என்று கவலைப்படுகிற பெற்றோருக்கு நான் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

மொழிகளை ஒப்பிடுவது ஆந்தைக்கும் உதவியது. தமிழில் ஆந்தை, அதிலும் இது கூகை, மலாயில் புரோங் ஹந்து, பேய்ப் பறவை, ஆங்கிலத்தில் அவுல். ஏன் பேய்? வெள்ளை முகம், ராத்திரி நடமாட்டம், சத்தமில்லாத பறத்தல். இதைச் சொல்ல ஒயிட், நைட், குவையட் மூன்றும் தேவைப்பட்டன, மூன்றும் மனதில் நின்றுவிட்டன. கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும் என்று சொன்னதும் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். (பிள்ளைகளைத் தேட அனுப்பாதீர்கள். செம்பனை அடியில் பாம்பு இருக்கும். பையனின் அப்பா ஓர் உருண்டையைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார், கையுறை போட்டு நான்தான் பிரித்தேன், எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.) உள்ளே மூன்று மண்டையோடு. ஹவ் மெனி ராட்ஸ் என்று கேட்டது நான் இல்லை, அவர்கள்.

இலக்கணத்துக்கு வருவோம், பெற்றோர் முதலில் கேட்பது அதுதான். நம் பிள்ளைகள் "யெஸ்டர்டே ஐ கோ" என்பார்கள். மலாயில் போவதைக் குறிக்கும் பெர்கி என்ற சொல் நேற்றைக்கும் நாளைக்கும் மாறாது, அந்தப் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது என்பது என் கணிப்பு. விதியை எழுதிப் போடுவதற்கு முன்னால், "தமிழில் நேற்று நான் போகிறேன் என்று சொல்வாயா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். இந்த விஷயத்தில் ஆங்கிலம் தமிழ்க் கட்சி, மலாய்க் கட்சி இல்லை, அவ்வளவுதான். அதே போல, போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று விகுதி மாற்றிப் பேசுகிற பிள்ளைக்கு ஹி கோஸ் என்பதில் வரும் ஒரே ஓர் எஸ் பெரிய பாரமா?

ஆனால் இறந்த காலம் பழகுவதற்கு, இறந்த காலத்தைப் பற்றி ஒரு கேள்வி வேண்டும். எனக்கு அது ஒரு பாட்டியிடமிருந்து கிடைத்தது. நான்காம் ஆண்டு மாணவியின் பாட்டி ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தப் பொடி தூவும் வேலை பார்த்தவர். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள், மகரந்தம் சேர்க்கும் வேலையை அது எடுத்துக்கொண்டது, மனிதர்கள் தூவ வேண்டிய தேவை போயிற்று. இதைக் கேட்ட பேத்தி, "அப்போ பாட்டி வேலையைப் பூச்சி பறிச்சிக்கிச்சா?" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் தமிழில் மூன்று கேள்வி கேட்டு வா, பதிலை இங்கே ஆங்கிலத்தில் சொல் என்று அனுப்பினேன். வந்து எழுதவைத்தது இதுதான்: பாட்டி ஒர்க்ட். தென் தி பீட்டில் கேம். நௌ தி பீட்டில் ஒர்க்ஸ். பாட்டி வருத்தப்பட்டாரா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், இடுப்பு வலி போச்சாம். ஷி வாஸ் ஹேப்பி."

பிழை திருத்துவதில் நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பிள்ளை ஆர்வமாகச் சொல்லும்போது நிறுத்தாதீர்கள். "ஐ சீ அவுல் யெஸ்டர்டே" என்றால் "ஓ, யூ சா அன் அவுல்? வேர்?" என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். எழுதும்போது ஒரு வேலையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள்.

இப்போது நான் சொதப்பிய கதை. கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் இருக்கிறது, 1877-இல் நட்ட ஒன்பது மரங்களில் மிஞ்சியது. தாத்தா பாட்டி பால்மரம் சீவிய வீட்டுப் பிள்ளைகள் ஆயிற்றே என்று நினைத்து, பன்னிரண்டு வாக்கியம் தயாரித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துக் கூட்டிப் போனேன். ஒருவரும் மரத்தைப் பார்க்கவில்லை. மரத்தடியில் போன எறும்பு வரிசையை உட்கார்ந்து பார்த்தார்கள். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு மரத்தைக் காட்டினேன், எறும்பையும் கெடுத்தேன், மரமும் மனதில் ஏறவில்லை. அந்த ஆர்வம் என்னுடையது. இப்போது எதையாவது தயாரிக்கும் முன், இந்தக் கேள்வி "ஏன் புத்தகத்தில்" இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

கைப்பேசி விளையாட்டைப் பற்றியே கேட்கிற பையன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். எனக்கு அந்த விளையாட்டுகள் பிடிக்காது, ஆனாலும் அட்டை எழுதிக் கொடுக்கிறேன். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களில் என்னைவிட அவனுக்கு நிறையத் தெரியும்; விதிகளை எனக்கு ஆங்கிலத்தில் விளக்கு என்றால் அரை மணி நேரம் பேசுவான்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். எளிய ஆங்கில விக்கிப்பீடியாவைப் பிள்ளைகள் முன்னாலேயே திறந்து தேடுங்கள், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று அவர்களையே கேளுங்கள். தேடலுக்கு எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தால் நல்லது என்பதை நான் சொல்லித் தெரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

பெற்றோர் விஷயம் தனி. "டீச்சர், எக்சசைஸ் புக்கு வெள்ளையாவே இருக்கே" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, காசு கொடுக்கிறார். ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்து செய்யப்பட்டுவிட்டாலும் பள்ளியில் டி.பி. என்ற தேர்ச்சி நிலையை 1 முதல் 6 வரை போடுகிறார்கள், அம்மாவுக்கு அந்த எண்தான் தெரியும். அதனால் புதன்கிழமைகளில் கால்மணி நேரம் பள்ளிப் பாடத்துக்கு ஒதுக்குகிறேன், அதில் விட்டுக்கொடுப்பதில்லை. மாதக் கடைசியில் பிள்ளை எழுதிய தாள்களை மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்துச் சின்னப் புத்தகமாக்கி அனுப்புவேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஆந்தைப் பையனின் புத்தகத்தில் அவன் தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டுக் கீழே எலிப் படம் ஒன்று வரைந்து அனுப்பியிருந்தார்.

கேள்வியே வராத நாளும் வரும். மழை, பள்ளியில் விளையாட்டுப் போட்டி, எல்லோருக்கும் அலுப்பு. அன்றைக்குத் துருவாதீர்கள். மேசையில் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்: இரண்டாக வெட்டிய செம்பனைப் பழம், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும் பால் டின், ஒரு நத்தை ஓடு. நத்தை ஓட்டை வைத்த அன்று வாயே திறக்காத ஒரு சின்னவள், நம் ஊர்ப் பெயரில் சிப்புட் என்றால் மலாயில் நத்தைதானே என்று கேட்டுவிட்டு, வேர் ஆர் தி ஸ்னெய்ல்ஸ் என்றாள். அந்தக் கேள்வி "ஏன் புத்தகத்தில்" இருக்கிறது. மழை விட்டதும் வாய்க்கால் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.