பழைய டர்போ டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா குவாட்ராஜெட், மான்சா, லீனியா, புன்டோ என்று பெயர்கள் பல. ஆனால் இவற்றின் 1.3 டீசல் மாடல்களில் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே எஞ்சின்: ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட். 2007-ல் ஸ்விஃப்ட் மூலம் பரவலாகி, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது மாருதி இதை நிறுத்தியது. இன்று ஓடிக்கொண்டிருப்பவை எல்லாமே வயதான வண்டிகள். ஒரு நாள் காலையில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. உடனே யாராவது "டர்போ போயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது தவறு.

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 முதல் 250 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் வெளியேறும் காற்றுக்கு டர்போவைச் சுழற்றும் வலு கிடையாது. டர்போ முழுக்கச் செத்திருந்தாலும் எஞ்சின் சாதாரணமாக ஸ்டார்ட் ஆகும், இழுவைதான் இருக்காது. ஸ்டார்ட் ஆக வேண்டியது நாலே விஷயம்: போதுமான சுற்று, சுழல்வதை ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்லும் சிக்னல், ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு தரும் பொதுக் குழாய்) டீசல் அழுத்தம், சிலிண்டரில் கம்ப்ரஷன் (காற்று அழுந்தும் அளவு).

டர்போவுக்கு உண்மையில் பங்குள்ள இடம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சாவியைத் திருப்பும் முன்பே அதைப் பார்த்தாக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நீலப் புகை மண்டி, கீச்சென்ற சத்தத்தோடு நின்றிருந்தால் டர்போவின் ஆயில் சீல் போய், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருக்கலாம். அந்த ஆயில் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே ஆபத்து, ஆயிலுக்குப் பதில் தண்ணீர். இந்த இரண்டு நிலையிலும் செல்ஃப் அடிக்கவே கூடாது. இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. டம்ளர் கணக்கில் ஊற்றினால் சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் திருப்பி, உள்ளிருப்பதை வெளியேற்றிய பிறகுதான் மற்றது. டர்போவில் காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் வீலின் இறக்கை உடைந்திருந்தால் துண்டு எங்கே போனது என்று தெரியும் வரையிலும் சுற்றக் கூடாது.

அந்த நிலை இல்லையென்றால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், அது வரை வேறெதையும் சோதித்துப் பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் கேபிளைச் சந்தேகியுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள் அரித்திருக்கிறது. பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே 0.5 வரை பரவாயில்லை. சாதாரண எர்த் கேபிளுக்காகப் புது பேட்டரி வாங்கியவர்கள் நிறைய. டீசலில் மெதுவான சுற்று என்பது வெறும் அசௌகரியம் அல்ல: காற்று அழுந்தி எரியும் அளவுக்குச் சூடாகாது, ரெயில் அழுத்தமும் ஏறாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடம் விடுங்கள்.

சாவியை ஆன் செய்யும்போது டாஷ்போர்டைப் பாருங்கள். எஞ்சின் லைட் எரியவே இல்லை என்றால் ஈசியூவுக்குக் கரன்ட் வரவில்லை. மெயின் ரிலே, அதன் பியூஸ், எலி கடித்த வயரிங் இவற்றில் ஒன்று. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை. செல்ஃப் சுற்றும், டீசல் மட்டும் விடாது. இரண்டாவது சாவியால் முயலுங்கள். சாவிக் கொத்தில் இன்னொரு சிப் சாவி தொங்கினால் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

இனி சைலன்சர் பக்கம் ஒருவரை நிற்க வைத்துவிட்டு அடியுங்கள். டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை: கம்ப்ரஷன், டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்), குளிரான ஊரில் ஹீட்டர் பிளக். புகையே இல்லையென்றால் டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர் திறக்கவில்லை: சிக்னல் அல்லது அழுத்தம். இந்த ஒரு சோதனைக்குப் பைசா செலவில்லை. தேட வேண்டிய இடங்களில் பாதியைக் குறைத்துவிடும்.

புகை இல்லாத வண்டிக்கு ஸ்கேனர் வேண்டும். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (ஈசியூவின் தகவலைப் படிக்கும் இடம்) மாட்டும் மலிவான புளூடூத் கருவியில் கூட இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: சுற்று வேகமும் ரெயில் அழுத்தமும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்ஜியத்திலேயே நின்றால் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரோ அதன் வயரோ போயிருக்கிறது. பி0335 என்ற பிழைக் குறியீடும் (கோடு) பதிவாகியிருக்கலாம். கோடு இல்லை என்பதற்காகச் சென்சாரை விடுவிக்காதீர்கள். இரண்டு வயர் காந்த வகையாக இருந்தால் பொதுவாகச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டும். திறந்த சர்க்யூட் என்றால் முடிந்தது. மூன்று வயர் வகையை ஓம் மீட்டரால் சோதிக்கவே கூடாது. சூடாக இருக்கும்போது மட்டும் நின்றுபோய், அரை மணி நேரம் ஆறியதும் எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் இந்தச் சென்சார்தான் முதல் சந்தேகம்.

ஆர்பிஎம் வருகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. இப்போது ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். தோராயமாக 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் ஏறினால்தான் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கும். நல்ல வண்டியில் ஓரிரு விநாடியில் அதைத் தாண்டிவிடும். 60, 80 என்று தடுமாறினால் பம்ப் கடைக்கு ஓட வேண்டாம், டேங்கிலிருந்து தொடங்குங்கள். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது.

ஃபில்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு டம்ளர் டீசலை நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தங்கும், பாட்டிலைச் சாய்த்தால் டீசலுக்கு அடியில் குமிழாக உருளும். பிறகு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். பொடிப் பொடியாக வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அது ஹை பிரஷர் பம்ப்பின் உலோகம். இந்தப் பம்ப்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது; தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். மினுக்கம் தெரிந்த வண்டியில் பம்ப்பை மட்டும் மாற்றினால் புதியதும் சில வாரத்தில் போகும். டேங்க், லைன்கள், ரெயில், இன்ஜெக்டர்கள் அத்தனையும் சுத்தம் செய்தாக வேண்டும். செலவு பெரிதுதான், ஆனால் பாதி வேலைக்கு இரண்டு தடவை பணம் கொடுப்பதைவிடக் குறைவு.

டீசல் சுத்தமாக இருந்தால் காற்றைத் தேடுங்கள். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ளே ஓடுவது தெரியும் டீசல் ஹோஸை ஒரு சாண் நீளத்துக்குத் தற்காலிகமாக மாட்டி செல்ஃப் அடியுங்கள். முதலில் சில குமிழ் போவது சகஜம். தொடர்ந்து நுரைத்தால் காற்று புகுகிறது. அண்மையில் ஃபில்டர் மாற்றிய வண்டியாக இருந்தால் ஓ-ரிங் மடங்கியிருக்கும் அல்லது பழையதே மீண்டும் போடப்பட்டிருக்கும். ஃபில்டர் தலையில் கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். டேங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்து சில விநாடி விட்டு, ஆஃப் செய்து, ஐந்தாறு தடவை திரும்பச் செய்யுங்கள். பின் சீட்டருகே காது வைத்தால் மோட்டார் சத்தம் கேட்க வேண்டும். செல்ஃப் அடித்தே காற்றை எடுப்பது பம்ப்பை வறட்சியில் ஓட்டுவதாகும், அதைச் செய்யாதீர்கள்.

டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்ப் வரையுள்ள லோ பிரஷர் பக்கம் சரி, ஆனாலும் ரெயில் ஏறவில்லை என்றால் ரிட்டர்ன் டெஸ்ட். மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் டியூபை நான்கு இன்ஜெக்டரிலும் கழற்றி ஒரே அளவுள்ள நான்கு சிறு பாட்டில்களுக்கு விட்டு, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். நல்ல இன்ஜெக்டரிலிருந்து சில துளிதான் வரும். ஒன்று மட்டும் கொட்டினால் அதுதான் அழுத்தத்தைத் தின்கிறது. நான்குமே வறண்டிருந்து அழுத்தமும் இல்லையென்றால் ரெகுலேட்டர் வால்வ் அல்லது பம்ப். காலையில் பிடித்து, சூட்டில் மட்டும் பிடிக்காத வண்டிகளிலும் தேய்ந்த இன்ஜெக்டர் கசிவு உண்டு: சூடான டீசல் நீர்த்துவிடுவதால் அதே இடைவெளியில் அதிகம் ஒழுகும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் பொறித்த குறியீட்டை ஈசியூவில் ஏற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஒரு கண்டிப்பு. பழைய டீசல் எஞ்சினில் செய்ததுபோல் இரும்பு லைன் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கக் கூடாது. இந்த எஞ்சினின் ரெயில் ஓட்டத்தில் 1400 பார் அளவுக்குக் கூடப் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்தும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஏர் ஃபில்டரில் ஈத்தர் ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சூட்டில் அது இன்டேக்கிலேயே வெடிக்கும்.

ஹீட்டர் பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சென்னையிலோ மதுரையிலோ நான்கும் செத்திருந்தாலும் இந்த எஞ்சின் பெரும்பாலும் பிடித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக் காலையில் கதை வேறு. வயரைக் கழற்றி ஓம் பாருங்கள்: ஒன்று, இரண்டு ஓமுக்குள் இருந்தால் நல்லது, முடிவிலி என்றால் எரிந்தது.

மிச்சம் கம்ப்ரஷனும் செயினும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப் போட்ட வண்டிகளில் அது நீண்டுவிடும். காலையில் ஸ்டார்ட் ஆனதும் சில விநாடி கரகரத்த வண்டி என்றால் சந்தேகம் வலுக்கும். செல்ஃப் சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள். நான்கு சிலிண்டரும் சமமாக இருந்தால் தாளம் ஒரே சீராக வரும். ஒன்று பலவீனமானால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை துள்ளும். வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் வழுக்கிச் சுற்றினால் செயின் அறுந்திருக்கலாம். இந்த எஞ்சினில் ஹை பிரஷர் பம்ப்பை ஓட்டுவதும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்தான்; அதைச் சுழற்றுவது செயின். ஆகவே செயின் அறுந்தால் ரெயில் அழுத்தமும் பூஜ்ஜியமாகவே காட்டும், அதைப் பார்த்துப் பம்ப் மேல் பழி போட்டுவிடுவார்கள். பம்ப்பைக் கழற்றும் முன் கேம் கவர் பக்கம் கேம் சுழல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பி0016 கோடு இருந்தால் செயின் பல் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சந்தேகம் இருக்கும் வரை வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே கூடாது: தாண்டிய செயின் இன்னும் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி ராக்கர்கள் உடையும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் ஹீட்டர் பிளக் துளை வழியாக நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 20 பாருக்குக் கீழே இருக்கும் சிலிண்டர் தானாக எரியத் திணறும். எல்லாமே சமமாகக் குறைந்திருந்தால் ரிங் தேய்மானத்தைப் பார்க்கும் முன் டைமிங்கைப் பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் ராக்கரையும் வால்வையும் பாருங்கள், ஹெட்டை இறக்குவது அதற்குப் பிறகு.