மாங்கன்றில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும் முறை

நம் நாட்டு மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் மகரந்தச் சேர்க்கையால் உருவான ஒரே கருதான் இருக்கும் என்பதால், கொட்டையிலிருந்து வளரும் மரம் தாய் மரத்தின் பழச்சுவையை அப்படியே தருவதில்லை. வீட்டிலுள்ள இமாம்பசந்தையோ பங்கனபள்ளியையோ குணம் மாறாமல் பெருக்க விரும்புவோர் ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஒட்டைத் தாங்கும் அடிச்செடியான வேர்ச்செடிக்கு நாட்டு மாங்கொட்டையே போதுமானது. கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடுமாதலால், ஈரம் காயுமுன் பையில் ஊன்றிவிட வேண்டும். தண்டு பென்சில் கனம் பருத்து, நுனியில் செம்பு நிறத் தளிர் விட்டிருக்கும் பருவமே ஒட்டுக்கு ஏற்றது.

கத்தியின் கூர்மைக்குக் காட்டும் அக்கறையைப் பலரும், தாய் மரத்திலிருந்து வெட்டி ஒட்டும் ஒட்டுக்குச்சிக்குக் காட்டுவதில்லை. ஒட்டுகள் பட்டுப்போவதற்கு இந்த அலட்சியமே பெரும் காரணம் என்பேன். பூக்காத, மூன்று நான்கு மாத வயதுள்ள, வேர்ச்செடியின் கனத்தையே ஒத்த நுனிக்கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பே காம்புகளை விட்டுவிட்டு இலைகளை மட்டும் நறுக்கிவிட வேண்டும். காம்புகள் பழுத்து, விரல் பட்டதும் உதிரும் நிலையில் நுனி மொட்டு பருத்திருக்கும். அப்போது 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே கட்டிவிடுவது நல்லது.

வேர்ச்செடியின் அடி இலைகளை விட்டுவைத்து, இளந்தண்டில் தலையை நீக்கி, நடுவில் 4 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குப் பிளக்கவும். குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இருபுறமும் ஆப்பு போலச் சீவவும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் பரப்பு மேடுபள்ளமாகி, உள்ளே காற்று தங்கும். பட்டைக்கு அடியில் வழவழப்பாகத் தெரியும் மெல்லிய பச்சை அடுக்கிலிருந்துதான் இரண்டும் கூடுகின்றன. ஆகவே குச்சி சற்று மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல், ஒரு பக்கத்துப் பட்டைகளாவது நேராகப் பொருந்துமாறு ஓரமாகத் தள்ளிச் செருகவும். பிறகு பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றி, குச்சியின் மேல் நீளமான பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வைக்கவும்.

இரண்டு மூன்று வாரங்களில் மொட்டு விரிந்ததும் உறையை மாலை வேளையில் எடுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை, எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிட வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதங்களில் இணைப்பு கெட்டிப்பட்டதும், தண்டை நெரிக்காதபடி நாடாவை அறுத்து, நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் புதையாமல் பார்த்துக்கொள்ளவும்.