டிசம்பர் குளிருக்கு வில்லின் டிரா வெயிட்டைக் குறைப்பது எப்படி?

மின்னசோட்டாவில் வில் வைத்து மான் வேட்டையாடும் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 31 வரை போகும். செப்டம்பரில் டி-ஷர்ட்டோடு 68 பவுண்டு டிரா வெயிட்டை (நாணை முழுசாக இழுக்கத் தேவையான பலம்) அலட்சியமாக இழுக்கும் அதே ஆள், டிசம்பரில் மைனஸ் 15 டிகிரியில் ட்ரீ ஸ்டாண்டில் (மரத்தில் கட்டிய வேட்டை மேடை) மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்த பிறகு அந்த வில்லோடு மல்லுக்கட்டுவார். வில்லில் ஒரு கோளாறும் இல்லை. தோள் விறைத்துப்போயிருக்கும், அதன்மேல் மூன்று அடுக்கு உடுப்பு வேறு. கடைசியில் வில்லை வானத்துக்குத் தூக்கி, தம் கட்டி இழுப்பார். 20 கஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மானுக்கு அந்த அசைவே போதும். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

அதனால் நவம்பர் கடைசியில் என் காம்பவுண்ட் வில்லை (கப்பி வைத்த நவீன வில்) 62 பவுண்டுக்கு இறக்கிவிடுவேன். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, வேட்டைக்குப் போடும் அத்தனை உடுப்பையும் போட்டுக்கொண்டு கொல்லையில் அரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம் இலக்கைக் குறிவைத்து, அம்பைப் பூட்டி, இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நிதானமாக இழுங்கள். உடம்பு ஆடாமல், வில் மேலே எழும்பாமல் நாண் முழுசாக வந்தால் சரி. இந்தச் சோதனையை அம்பு இல்லாமல் செய்யாதீர்கள். கை நழுவினால் லிம்ப் (வில்லின் வளையும் கை) உடைந்துவிடும்.

குறைப்பதற்கு ஆலன் கீ போதும். சில வில்களில், லிம்பை வில்லோடு பிணைக்கும் லிம்ப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ள பக்கவாட்டில் ஒரு லாக் ஸ்க்ரூ இருக்கும். முதலில் அதைத் தளர்த்துங்கள். பிறகு மேல், கீழ் போல்ட் இரண்டையும் வலப்பக்கம் திருப்பி, நிற்கும் வரை முறுக்குங்கள். எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்கும். இப்போது இடப்பக்கம்: மேலே அரைச் சுற்று, கீழே அரைச் சுற்று, மறுபடி மேலே. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வில்லின் டியூனிங்கே கெட்டுவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு 2 முதல் 3 பவுண்டு வரை குறையும், வில்லுக்கு வில் மாறும். போ ஸ்கேலில் (டிரா வெயிட்டை அளக்கும் தராசு) மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயம். அதிகபட்சம் எத்தனை சுற்று என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் லிம்ப் கழன்று வந்துவிடும், விளையாட்டில்லை. லாக் ஸ்க்ரூவை மறுபடி முறுக்கி, போல்ட் தலையில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

சைட் பின்களையும் (குறிபார்க்க வில்லில் இருக்கும் ஊசிகள்) திருத்தியாக வேண்டும். 6 பவுண்டு குறைத்தால் அம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 10 அடி குறையும். 20 கஜத்தில் அரை அங்குலம் சொச்சம்தான் இறங்கும்; 40 கஜத்தில் இரண்டரை அங்குலம் கீழே போய்க் குத்தும். அம்பு எந்தப் பக்கம் போகிறதோ, பின்னையும் அதே பக்கம் நகர்த்துங்கள். எடை குறைந்தால் அதே அம்பு கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும், அதனால் வேட்டைக்கு மாட்டும் பிராட்ஹெட்டோடே (பிளேடு வைத்த அம்பு முனை) எய்து பாருங்கள். குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே எய்யுங்கள். இடது சட்டைக்கை நாணில் உரசினால் ஆர்ம் கார்டு (முன்கைக் காப்பு) கட்டிக்கொள்ளுங்கள்.

62 பவுண்டு போதுமா என்று கேட்பவர்களுக்கு: இங்கே மானுக்குச் சட்டம் கேட்பதே 30 பவுண்டுதான். கூரான பிராட்ஹெட் நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டால் தாராளமாகப் போதும்.

வேட்டைக்காலம் முழுக்க வில்லைக் கதகதப்பான வீட்டுக்குள் வைக்காமல் பூட்டிய ஷெட்டிலேயே வையுங்கள். உள்ளேயும் வெளியேயும் போய்வந்தால் வில்லில் ஈரம் கோக்கும். காட்டில் அது உறைந்து, அம்பைத் தாங்கி, எய்யும்போது கீழே விழ வேண்டிய அம்பு ரெஸ்ட் விழாமல் சிக்கிக்கொள்ளும்.