கையில் 25 லட்சம்: வீடு கட்டும்போது எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

வீடு கட்டுகிறவர்களுக்குக் கை இறுகுவது பெரும்பாலும் ரூஃப் போட்ட பிறகுதான். அதுவரை பணம் நிறைய இருப்பதுபோலவே தோன்றும். முகப்புக்கு ஒரு அலங்கார வளைவு, போர்டிகோவுக்கு இரண்டு உருண்டைத் தூண் என்று கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவோம். அப்புறம் வயரிங்கும் பைப் வேலையும் வரும்போது, "இந்த ரூமுக்கு ரெண்டு பிளக் பாயின்ட் போதும்" என்று அங்கே கத்தரி விழும். அலங்கார வளைவைப் பத்து வருடம் கழித்துக்கூடக் கட்டலாம். சுவருக்குள் போன ஒயரை மாற்றப் பூச்சை உடைக்க வேண்டும்.

பணம் செலவாகும் வரிசை வேறு, வேலைகளின் முக்கியத்துவ வரிசை வேறு. அஸ்திவாரம் தோண்டும் முன்பே இரண்டாவது வரிசையைத் தாளில் எழுதிவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். மதுரைப் பக்கம் 3 சென்ட் மனை, அதாவது சுமார் 1,300 சதுர அடி. கையிருப்பும் கடனும் சேர்த்து 25 லட்சம். கணவன், மனைவி, ஒரு பிள்ளை, கூடவே வயதான அம்மா. இங்கே சொல்லும் ரேட்டெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: 25 லட்சத்தில் வீட்டுக்கு எவ்வளவு?

கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சத்தை அதால் வகுத்து, "சரி, ஆயிரம் சதுர அடி கட்டலாம்" என்று முடிவு செய்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சதுர அடி ரேட்டில் போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், பிளான் அப்ரூவல், ஈபி இணைப்பு ஆகியவை பெரும்பாலும் சேராது. எதெது சேரும், போர்டிகோவையும் மாடிப்படியையும் எப்படி அளப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த வெளிவேலைகளுக்கு 4 லட்சம் ஒதுக்குவோம். எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம், அதாவது 2.5 லட்சம். மீதி 18.5 லட்சம். அதை 2,400 ஆல் வகுத்தால் சுமார் 770 சதுர அடி. உங்கள் வீட்டின் உண்மையான அளவு இதுதான்.

கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 16 × 11 ஹால், 11 × 10 அளவில் இரண்டு படுக்கையறை, 10 × 8 சமையலறை, 8 × 4 அளவில் இரண்டு பாத்ரூம் எல்லாம் கூட்டினால் 540 சதுர அடிதான். சுவரும் நடைவழியும் சேர்ந்தாலும் 770-க்குள் அடங்கும். மாடிப்படி வெளியே போகட்டும்.

வங்கிக் கடனும் மொத்தமாகக் கைக்கு வராது. முதலில் உங்கள் பங்கைப் போடச் சொல்வார்கள்; பிறகு அஸ்திவாரம், ரூஃப், பூச்சு என்று வேலை முடிய முடியத்தான் விடுவிப்பார்கள். அனுமதி விஷயம் இப்போது கொஞ்சம் எளிது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

படி 2: ஆசைகளை எழுதி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லோரும் வேண்டியதைச் சொல்லட்டும். இந்தக் கட்டத்தில் எதையும் வெட்ட வேண்டாம். பூஜை அறை, ஏசி, மாடுலர் கிச்சன், ஊஞ்சல், சோலார், மாடியில் ஒரு அறை, எல்லாமே வரட்டும். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதை ஐந்து வருடம் கழித்துச் செய்வதானால் எதை உடைக்க வேண்டும்?

பதிலைப் பொறுத்து மூன்றாகப் பிரியும். சுவரையோ தரையையோ கூரையையோ உடைக்காமல் முடியாது என்றால் அது முதல் பட்டியல். இப்போது ஒரு பைப்போ ஓட்டையோ விட்டுவைத்தால் பிறகு உடைக்க வேண்டாம் என்றால் இரண்டாவது. எதையும் உடைக்க வேண்டியதில்லை என்றால் மூன்றாவது.

படி 3: முதல் பட்டியலில் பேரம் பேசாதீர்கள்

முதலில் மண். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் இருப்பதுபோல் கரிசல் மண் என்றால் அது ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் விடும். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் மண் பரிசோதனைக்கு ஆகும் காசு ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடி தோண்டினார் என்று விசாரிப்பது அதற்கு ஈடாகாது.

அடுத்து பேஸ்மென்ட் உயரம். நம் ஊரில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, கட்டும்போது உயரமாக இருந்த வீடுகள் பள்ளத்துக்குப் போயிருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளம் மூழ்கியவர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும். ரோட்டிலிருந்து குறைந்தது இரண்டரை, முடிந்தால் மூன்று அடி வையுங்கள். மண் நிரப்பும் செலவு கூடத்தான் செய்யும். அம்மா எப்படி ஏறுவார்கள் என்ற கேள்வியும் வரும். மூன்று அடி உயரத்துக்கு முறையான சாய்தளம் வைக்க 36 அடி நீளம் வேண்டும்; 3 சென்ட்டில் அதற்கு இடமில்லை. எனவே படியின் உயரத்தை ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் வைத்து, பிடித்து ஏற ஒரு கைப்பிடிக் கம்பியும் போடுங்கள்.

கரையான் மருந்தை மறந்துவிடுவார்கள். அஸ்திவாரக் குழியிலும், தரைக்குக் காங்கிரீட் போடும் முன் நிரப்பிய மண்ணிலும் அடிக்க வேண்டும். வீடு முடிந்த பிறகு அடிப்பதானால் தரையோரமாக ஓட்டை போட்டு மருந்தை இறக்க வேண்டியிருக்கும்.

காங்கிரீட்டில் செய்ய வேண்டியவற்றுள் பல, காசைவிட மேற்பார்வையைத்தான் கேட்கின்றன. கம்பி போட்ட காங்கிரீட்டின் வலிமை எம்20 (M20) என்ற தரத்துக்குக் கீழே போகக் கூடாது. கம்பிக்கும் சென்டரிங் பலகைக்கும் நடுவே இடைவெளி விடுகிற சின்னக் கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா என்று காங்கிரீட் போடும் அன்று காலையில் நீங்களே பாருங்கள்: கூரைக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40. அது இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் அப்படித்தான். நாம் இப்போது அதிகம் வாங்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்கு, நம் வெயிலில் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மூன்றாம் நாளே "போதும் சார்" என்று சொல்கிற மேஸ்திரிக்கு மசியாதீர்கள்.

மாடி வருமா வராதா என்பதையும் இன்றே முடிவு செய்தாக வேண்டும். வரும் என்றால் அஸ்திவாரமும் தூணும் அந்தச் சுமைக்கு இப்போதே கணக்குப் போடப்பட வேண்டும். இன்ஜினியரிடம் சொல்லாமல் பிறகு ஏற்றுவது ஆபத்து. மாடிக்காக நீட்டிவிட்ட தூண் கம்பிகள் வருடக்கணக்கில் மழையில் நின்றால் துருப்பிடிக்கும். அவற்றைச் சிமெண்ட் குறைவாகக் கலந்த காங்கிரீட்டால் மூடி வையுங்கள். மாடி வருவது நிச்சயமில்லை என்றால், வேண்டாம் என்று தைரியமாக முடிவெடுப்பதும் நல்ல முடிவுதான்.

ஜன்னல் இருக்கும் இடமும் இந்தப் பட்டியல்தான். எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். மேற்குச் சுவர் மாலை வெயிலில் காய்ந்து இரவெல்லாம் சூட்டை விடும். அந்தப் பக்கம் பாத்ரூமையும் மாடிப்படியையும் தள்ளிவிட்டு, படுக்கையறையைக் காப்பாற்றுங்கள். சன்ஷேடுக்கு இரண்டு அடி தாராளமாக விடுங்கள். இதற்கெல்லாம் பெரிதாகக் கூடுதல் செலவில்லை. பிளான் வரையும்போதே யோசித்தால் போதும்.

இனி வயரிங். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்பது பொதுவான கணக்கு. ஒழுங்கான எர்த்திங், ஷாக் அடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இரண்டும் கட்டாயம். சுவிட்ச் தகடு சாதாரணமாக இருக்கட்டும், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நடப்பது தலைகீழ்: கண்ணாடி மாதிரி மின்னும் சுவிட்ச் வாங்கிவிட்டு, உள்ளே மெல்லிய ஒயர் ஓட்டுகிறார்கள்.

பைப் வேலையில், இரண்டு பாத்ரூமையும் ஒட்டி வைத்துச் சமையலறையையும் பக்கத்தில் கொண்டுவந்தால் பைப்பின் நீளமும் குறையும், பின்னால் அடைப்பு வந்தால் தேடும் வேலையும் குறையும். டைல்ஸ் ஒட்டும் முன் பைப்பில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பாருங்கள். அம்மா பயன்படுத்தும் பாத்ரூமின் கதவை வழக்கமான இரண்டரை அடிக்குப் பதில் மூன்று அடியாக வையுங்கள். நாளை வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் நிலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. வழுக்காத டைல்ஸும் அங்கே கட்டாயம்.

படி 4: இரண்டாவது பட்டியலுக்கு வழி மட்டும் விடுங்கள்

ஏசி இப்போது வேண்டாம். ஆனால் அதன் ஒயரும், தண்ணீர் வெளியேறும் பைப்பும் சுவருக்குள் போகட்டும். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் இணைப்பு, இன்வெர்ட்டருக்குத் தனி ஒயர், மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை சோலாருக்கு ஒரு காலி பைப். அவ்வளவுதான்.

சோலாருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024-ல் தொடங்கியபோது 3 கிலோவாட்டுக்கு அறிவித்த மானியம் 78,000 ரூபாய். அந்த அளவுக்குப் பேனல் வைக்க மாடியில் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், தண்ணீர்த் தொட்டி வடக்கு ஓரத்தில் இருந்தால் பேனலில் நிழல் விழாது. வாஸ்து பார்ப்பவர் தொட்டியைத் தென்மேற்கு மூலைக்குத்தான் அனுப்புவார். எந்தப் பக்கம் சாய்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், ஆனால் தொட்டிக்கு மேடை கட்டும் முன்பே பேசுங்கள்.

மழைநீர் சேகரிப்பு இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம். முதல் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 5: மூன்றாவது பட்டியல் காத்திருக்கட்டும்

ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், முகப்பு அலங்காரம், அறைக்கு அறை வார்ட்ரோப், வேலைப்பாடு செய்த கேட். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் பால் காய்ச்சிக் குடியேறலாம். சமையலறைக்கு ஒரு கிரானைட் மேடையும், அதன் கீழே கடப்பா கல் தட்டுகளும் போதும். கதவைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். பரணுக்கும் அலமாரிக்கும்கூடக் கடப்பா கல் பல வருடம் தாங்கும். தேக்கு வாசலுக்கு மட்டும் இருக்கட்டும், உள்ளறைகளுக்குத் தட்டையான பலகைக் கதவு, அதாவது ஃபிளஷ் டோர் போதும்.

தள்ளிப்போடவே கூடாத சிலதும் இந்தப் பட்டியலுக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். ஜன்னல் கம்பி பாதுகாப்பு விஷயம். மொட்டை மாடியில் தண்ணீர் வடியும்படி சரிவு வைத்துத் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிப்பது கூரையைக் காப்பாற்றும் வேலை. இரண்டையும் முதல் பட்டியலுக்கு மாற்றுங்கள்.

படி 6: இன்னும் இடிக்கிறதா? அடியைக் குறையுங்கள், தரத்தை அல்ல

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கு மீறினால் கம்பியிலும் சிமெண்டிலும் கை வைக்காதீர்கள். 70 சதுர அடி குறைத்தால் நம் கணக்கில் 1,68,000 ரூபாய் மிச்சம். நடைவழியைச் சுருக்குங்கள், தனிப் பூஜை அறைக்குப் பதில் ஹாலில் ஒரு மாடம் வையுங்கள். பாத்ரூம் அகலத்தை மட்டும் நான்கு அடிக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

மனையடி சாஸ்திரம் பார்க்கிற வீடு என்றால் பிளான் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு பெரியப்பா வந்து "12 அடி ஆகாது" என்று சொன்னால், இடித்துக் கட்டும் செலவு உங்கள் தலையில்தான்.

செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், வெப்பமும் குறையும். ஆனால் அதில் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். உங்கள் வீட்டில் வந்து அவர் கற்றுக்கொள்ள வேண்டாம்.

படி 7: எழுத்தில் கொண்டுவாருங்கள்

மூன்று பட்டியலையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள். சிமெண்ட், கம்பி, ஒயர், பைப் ஆகியவற்றின் பிராண்டும் அளவும் அதில் இருக்க வேண்டும். "நல்ல கம்பெனி பொருள்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. வயரிங்குக்கும் பைப்புக்குமான பணத்தை முதல் நாளே தனிக் கணக்கில் போட்டு, ரூஃப் வேலைக்கு அதைத் தொடாமல் வையுங்கள். நடுவில் யாராவது புதிதாக ஏதாவது கேட்டால், அதே தொகைக்குப் பட்டியலிலிருந்து எதை எடுப்பது என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்து, பைப்பும் ஒயரும் எந்த உயரத்தில் போகின்றன என்று தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்ட அலமாரியை மாட்ட வருகிற ஆசாரி, டிரில்லை எடுக்கும் முன் அதைத்தான் கேட்பார்.