தறிவீட்டு நூல் கணக்கை ஒக்டேவில் போடுவது

மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறிக்கு நூல் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஓடர் வந்ததும் எந்த நிறத்தில் எத்தனை கிலோ வேண்டும் என்று உம்மா கொப்பியில் பெருக்கிக் கூட்டுவா. இரண்டு சாமானுக்கு அது போதும். சாரம், சேலை, துவாய் என்று மூன்று சேர்ந்து, ஓடரும் நாளுக்கு நாள் மாறினால் கை ஓயாது. சாதாரண தரத்துக்குப் படித்த தாயம்தான் (நிரை நிரலாக அடுக்கிய எண் அட்டவணை) இது என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஒக்டேவைத்தான் பாவிக்கிறேன்.

ஒக்டேவ் எண் கணக்குப் போடும் இலவச மென்பொருள். ஜோன் ஈட்டன் 1992இல் எழுதத் தொடங்கினார், 1.0 பதிப்பு 1994இல் வந்தது. விரைவாகத் தோராயக் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரரான தன் பேராசிரியர் ஒக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயரை அதற்கு வைத்தார். உபுண்டு லினக்ஸில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறந்து, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஒக்டேவ் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் இறங்கிவிடும். பொதி கொஞ்சம் பெரிது, டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் எல்லாம் வராமல் டெர்மினலிலேயே ஓட, ஒக்டேவ் என்ற சொல்லோடு ஒரு சிறுகோடும் சிஎல்ஐ என்ற மூன்று எழுத்தும் சேர்த்துத் தட்டுங்கள். வெளியேற கன்ட்ரோலும் டியும்.

தாயத்தைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். ஒரு நிரைக்குள், அதாவது கிடை வரிக்குள், எண்களை இடைவெளி பிரிக்கும், அடுத்த நிரைக்கு அரைப்புள்ளி. எங்கள் கணக்கில் ஒரு சாரத்துக்கு வெள்ளை 250 கிராம், நீலம் 100. சேலைக்கு 300, 150. துவாய்க்கு 180, 20. ஓடர் 12 சாரம், 5 சேலை, 20 துவாய் என்றால்:

[12 5 20] * [250 100; 300 150; 180 20]

என்டரைத் தட்டியதும் 8100, 2350 என்று வரும். வெள்ளை 8 கிலோ 100 கிராம், நீலம் 2 கிலோ 350 கிராம். வெள்ளை கிலோ 2000 ரூபா, நீலம் 2600 என்று வைத்தால் காசும் அப்படியே:

[8100 2350] * [2000; 2600] / 1000

விடை 22310. விலை ஒன்றன் கீழ் ஒன்றாக, அதாவது நிரலாக இருக்கிறது, கவனியுங்கள். இடப்பக்கத்துத் தாயத்தின் நிரல் எண்ணிக்கையும் வலப்பக்கத்துத் தாயத்தின் நிரை எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் பெருக்கல் நடக்கும். ஓடரை [12; 5; 20] என்று எழுதினால் ஒக்டேவ் மறுத்துவிடும். 3x1 ஐ 3x2 ஓடு பெருக்க முடியாது என்று அளவையும் சேர்த்தே சொல்லும். அந்தப் பிழைச் செய்தியில் முதலில் அந்த அளவுகளைப் பாருங்கள், தவறு எங்கே என்று உடனே தெரியும்.

பயப்பட வேண்டியது பிழை காட்டாத பிழைக்குத்தான். ஒரு தரம் சாரமும் சேலையும் மட்டும் ஓடர், 12உம் 5உம். நிறமும் இரண்டு. நான் அட்டவணையை நிரையும் நிரலும் மாற்றி [250 300; 100 150] என்று போட்டுவிட்டேன். சதுரத் தாயம், அளவு பொருந்தும், ஒக்டேவ் ஒன்றும் சொல்லவில்லை. 3500, 4350 என்று விடை தந்தது. அதை நம்பி நூலும் வாங்கினோம். பாதி நெய்த பிறகு உம்மா உள்ளிருந்து கூப்பிட்டா: "மகன், வெள்ளை காணாது." உண்மையில் வேண்டியது வெள்ளை 4500, நீலம் 1950. வெள்ளையில் ஒரு கிலோ குறைவு, நீலம் இரண்டு கிலோவுக்கு மேல் மிச்சம். பிந்தி வாங்கிய வெள்ளையில் சாயல் கொஞ்சம் வேறு, அந்தச் சேலையை உம்மா விற்க விடவில்லை.

அன்றிலிருந்து கணக்கை டெர்மினலில் நேரே தட்டுவதில்லை. ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஒக்டேவ் என்று தட்டிப் பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுகிறேன். மாறிக்கு, அதாவது எண்ணைப் பிடித்து வைக்கும் பெயருக்கு, தமிழ் எழுத்து வைக்க முடியாது, ஆனால் சதவீதக் குறிக்குப் பிறகு தமிழில் எதையும் எழுதலாம்:

% நிரல்: வெள்ளை, நீலம்
[12 5] * [
250 100 % சாரம்
300 150 % சேலை
]

அடைப்புக்குள் புது வரி என்றாலே புது நிரை, அரைப்புள்ளி தேவையில்லை. மூடும் அடைப்பை மட்டும் தனி வரியில் வையுங்கள். சதவீதக் குறிக்குப் பின்னால் மாட்டினால் அதையும் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு இடத்தில் கை வழுக்கும். [2 -1] என்றால் இரண்டு எண், [2 - 1] என்றால் 1 மட்டும். அப்புறம் புள்ளி வைத்த .* வேறு பெருக்கல், அது நேருக்கு நேர் எண்களை மட்டும் பெருக்கும், கூட்டாது. நூல் கணக்குக்கு வெறும் * தான்.

பிடித்தவர்களுக்கு ஒன்று கூடவே சொல்கிறேன். கையில் 4500 வெள்ளை, 1950 நீலம் இருக்கிறது, மிச்சமில்லாமல் எத்தனை சாரம், எத்தனை சேலை நெய்யலாம்?

[4500 1950] / [250 100; 300 150]

12, 5 என்று வரும். தாயத்தின் நேர்மாறு (பெருக்கலைத் திருப்பிப் போடும் தாயம்) கண்டுபிடித்துப் பெருக்க வேண்டியதில்லை, வகுத்தல் குறியே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இரண்டு சாமானிலும் நிறங்கள் ஒரே விகிதத்தில் இருந்தால், உதாரணமாக [250 100; 500 200], தாயத்துக்கு நேர்மாறு இல்லை என்ற பொருளில் எச்சரிக்கை வரும். அப்போதும் ஏதோ ஒரு விடையைக் காட்டும், அதை எடுக்க வேண்டாம். இந்த வகைச் சாமான் ஒன்றுக்கு மற்றது இரண்டு பங்கு நூல் தின்கிறது, அவ்வளவுதான். நூலை வைத்து எது எத்தனை என்று பிரிக்கவே முடியாது, வாங்குகிறவரைத்தான் கேட்க வேண்டும்.